நாணயமும் நம்பிக்கையும்: தம்பானூரை முன்வைத்துக் கைப்பணமும் அட்டையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இருபொருள் உடையது. உலோகத்தால் அடிக்கப்பெற்ற காசையும் அது குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். 'நாணயமான மனிதர்' என்று ஒருவரைச் சுட்டும்பொழுது அவரிடம் காசு மிகுதியாக உள்ளது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. கொடுக்கல் வாங்கலில் அவரை நம்பலாம் என்றே பொருள் கொள்கின்றனர். பணத்தின் வரலாறு நம்பிக்கையின் வரலாறாகவும் அமைகிறது என்பதை இச்சொல் வழக்கு உணர்த்துகிறது.

அன்றாடச் செலவிற்குக் கைப்பணம் கொடுப்பதா, வங்கி அட்டையைப் பயன்படுத்துவதா என்னும் வினா பெரும்பாலும் வசதி பற்றிய வினாவாகவோ பொருளியல் துறையினருக்கு மட்டும் உரிய வினாவாகவோ கருதப்படுகிறது. ஆயின் ஒன்றுக்கு மேற்பட்ட பண வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய நிலை சாதாரண மக்களுக்குப் புதியதன்று. அட்டைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அந்நிலை இருந்தது. அத்தேர்வில் யாருக்கு இழப்பு நேர்ந்தது, யாருடைய கையில் கணக்கு இருந்தது, நம்பிக்கை தவறியபொழுது யார் பொறுப்பேற்றனர் என்னும் மூன்று வினாக்களை அடிப்படையாகக் கொண்டு இவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திருவனந்தபுரம் நகரின் தம்பானூர்ப் பகுதி ஆய்வுக் களமாகக் கொள்ளப்பட்டுள்ளது. தேவையான இடங்களில் திருவிதாங்கூர் நாட்டின் வரலாறும் இந்திய வங்கித்துறை வரலாறும் துணைக்கொள்ளப்படுகின்றன.

களம்

தம்பானூர் திருவனந்தபுரத்தின் நுழைவாயில் ஆகும். கொல்லத்திலிருந்து 1918இல் இந்நகருக்கு நீட்டப்பட்ட இருப்புப்பாதை 1931இல் தம்பானூர் வரை வந்தது. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மன்னர் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கி வைத்தார். நாகர்கோவில், கன்னியாகுமரி நோக்கிய தெற்கு வழித்தடத்திலேயே அரசுப் பேருந்துகள் முதலில் ஓடின. அத்துறையின் வழிவந்த கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் 1965 ஏப்ரல் 1ஆம் நாள் உருவாயிற்று. கன்னியாகுமரிக்கான இருப்புப்பாதை 1979இல்தான் திறக்கப்பட்டது. எனவே நாஞ்சில் நாட்டுத் தமிழர் நாற்பது ஆண்டுக்காலம் பேருந்தில் வந்தே இந்நகரில் இறங்கினர்.

இன்றும் தொடர்வண்டி நிலையமும் பேருந்து நிலையமும் தம்பானூரில் எதிரெதிரே அமைந்துள்ளன. அங்கிருந்து சிறிது தொலைவில் சாலைக் கடைத்தெரு உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசரால் வளர்க்கப்பட்ட அக்கடைத்தெருவில் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்து வருகின்றனர். வருவோரும் போவோரும் விற்போரும் சுமப்போரும் ஒருங்கே கூடும் இடமாதலின் பணம் கைமாறும் முறைகளை நோக்குவதற்குத் தம்பானூர் பொருத்தமான களமாக அமைகிறது.

சொற்கள் காட்டும் வரலாறு

பணப்புழக்கம் பரவுவதற்கு முன்னர் பண்டமாற்று நிலவியது. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற செய்தி அகநானூற்றில் இடம்பெறுகிறது. அக்காலத்திலேயே கடன் முறையும் இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. அளவு குறித்து வாங்கிப் பின்னர் அவ்வளவே திருப்பித் தரும் பொருளைக் 'குறியெதிர்ப்பை' என்னும் சொல்லால் புறநானூறும் திருக்குறளும் குறிப்பிடுகின்றன. இன்று பெற்று நாளை கொடுத்தல் என்னும் வழக்கம் அட்டையோடு பிறந்ததன்று என்பது இதனால் பெறப்படும்.

காசு, பணம் ஆகிய இரண்டும் இன்று பொதுவாகச் செல்வத்தைக் குறிக்கும் சொற்கள். முன்னர் அவை குறிப்பிட்ட மதிப்புடைய நாணயங்களின் பெயர்கள். ஆங்கிலேயர் 'கேஷ்' என்று எழுதிய தென்னிந்தியச் சிறுநாணயத்தின் பெயர் தமிழ்க் 'காசு' என்னும் சொல் போர்த்துக்கீசியர் வழியாகச் சென்று திரிந்ததாகும். கைப்பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லோ பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒலி ஒன்றாயினும் வேர் வேறு. 'துட்டு' என்பது ஒல்லாந்தரின் சிறுகாசுப் பெயரிலிருந்து வந்தது. 'ரொக்கம்' வடபுலத்திலிருந்து வந்த சொல். 'அணா' என்னும் நாணயம் மறைந்த பின்னரும் நாலணா, எட்டணா என்னும் வழக்குகள் நெடுங்காலம் நிலைத்தன. நாஞ்சில் நாட்டு முதியோர் பேச்சில் 'சக்கரம்' என்னும் திருவிதாங்கூர் நாணயத்தின் பெயர் பணத்திற்குப் பொதுப்பெயராக வழங்கியது. நாணயங்கள் ஒழிந்தாலும் அவற்றின் பெயர்கள் மக்கள் நாவில் எஞ்சி நிற்கின்றன.

இரு நாணயங்களின் காலம்

திருவிதாங்கூர் தனக்கெனத் தனி நாணய முறையைக் கொண்டிருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம் அல்லது 448 காசு அந்நாட்டு ரூபாய் ஒன்றுக்குச் சமம். பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. கையால் எண்ணுவது கடினமாதலின் குழிகள் வெட்டப்பட்ட மரப்பலகையின்மீது சக்கரங்களைப் பரப்பி, குழிக்கொன்றாக நிரப்பி, எஞ்சியவற்றை வழித்தெடுத்து எண்ணினர். இச்சக்கரப் பலகைகள் இன்று அருங்காட்சியகப் பொருள்களாகிவிட்டன.

இதனோடு பிரித்தானிய இந்திய ரூபாயும் அந்நாட்டில் வழங்கியது. அதன் மதிப்பு 28 சக்கரமும் 8 காசும் ஆகும். அதாவது 456 காசு. இரு ரூபாய்களுக்கும் இடையே 8 காசு வேறுபாடு. இது நூற்றுக்கு ஏறத்தாழ 1¾ ஆகும். பிரித்தானிய ரூபாயைக் கொடுப்பவருக்கு அந்நாட்டு ரூபாயின் மதிப்பையே கடைக்காரர் கொடுத்தால் இழப்பு கொடுத்தவருக்கு. ஆகவே எந்த ரூபாயை எங்கே கொடுப்பது என்பது அக்காலத்து மக்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்காயிற்று.

சிறு தொகைகளில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. பிரித்தானிய ரூபாயின் பதினாறில் ஒரு பங்காகிய அணா 28½ காசுக்குச் சமம். அரை அணாவோ 14¼ காசு. அரைக் காசும் கால் காசும் தனி நாணயங்களாகப் புழங்காத நிலையில் ஏதேனும் ஒரு பக்கம் முழுமைப்படுத்தியே ஆக வேண்டும். அந்த அரைக் காசு யாருடையது என்பதைக் கணக்கு அறிந்தவரே முடிவு செய்திருப்பர் என்று கருத இடமுண்டு. எண்ணும் எழுத்தும் அறியாதவர் இத்தகைய சந்தையில் எளிதில் இழப்புக்கு உள்ளாகக் கூடும்.

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அதன்பின் இந்திய ரூபாயே நிலைபெற்றது. ஆயினும் முழுமைப்படுத்தும் சிக்கல் தீரவில்லை. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்தபொழுது ஓர் அணா 6¼ புதுக் காசுக்குச் சமமாயிற்று. அரசு வெளியிட்ட மாற்று அட்டவணையில் ஓர் அணாவுக்கு 6 காசு, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என வரையறுக்கப்பட்டது. ஓரணாப் பண்டம் நான்கினைத் தனித்தனியே வாங்கியவர் 24 காசு கொடுத்தார். ஒருசேர வாங்கியவர் 25 காசு கொடுத்தார். பண வடிவம் மாறும்போதெல்லாம் மாற்றத்தின் செலவை எவரோ ஒருவர் ஏற்க நேர்கிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சில்லறையும் பயணச்சீட்டும்

தம்பானூரில் கைப்பணத்தின் நிலையான குறை சில்லறையே ஆகும். பேருந்தில் பெரிய நோட்டைக் கொடுத்தவருக்குத் தரவேண்டிய மீதியை நடத்துநர் பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதித் தருவதும், இறங்கும்போது பயணி அதனைக் காட்டிப் பெற்றுக்கொள்வதும் தென்னிந்தியாவெங்கும் பழகிய காட்சி. வரலாற்று நோக்கில் இது எண்ணத்தக்கது. நடத்துநர் எண் எழுதிய அந்தச் சீட்டு அக்கணமே ஒரு கடன் பத்திரமாகிறது. அதனைக் கொடுத்தவர், பெற்றவர், தொகை, தீர்க்கவேண்டிய காலம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. கையொப்பம் மட்டுமே இல்லை. பயணி மறந்து இறங்கிவிட்டால் அப்பத்திரம் மதிப்பிழக்கிறது.

சிறு நாணயங்கள் சட்டத்தாலும் சுருங்கி வந்துள்ளன. 25 காசும் அதனினும் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் நாளோடு விலக்கிக்கொள்ளப்பட்டன. அதே ஆண்டின் நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உடைய நாணயங்களை ஒரு முறைக்கு 1000 ரூபாய் வரையிலும், 50 காசு நாணயத்தை 10 ரூபாய் வரையிலும் மட்டுமே சட்டப்படியான செலுத்துகையாகக் கொள்ளலாம். நாணயங்கள் சுருங்கச் சுருங்க மீதிக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கம் கடைகளில் பெருகியது. அட்டை இச்சிக்கலை முற்றிலும் தீர்த்தது என்பது மறுக்க முடியாத உண்மை. அட்டையில் 47 ரூபாய் 50 காசு என்றால் அவ்வளவே கழிகிறது. 2022இல் திருவனந்தபுரம் நகர வட்டப் பேருந்துகளில் முன்பணம் செலுத்திய பயண அட்டை அறிமுகமானதற்குச் சில்லறை இடர்ப்பாடும் ஒரு பின்புலமாகும்.

கடைப்பற்றும் கடன் அட்டையும்

கைப்பணம் இல்லாதபொழுது பொருள் வாங்கும் முறை கடைத்தெருவில் நெடுநாளாக இருந்தது. மாதச் சம்பளக்காரரும் கூலித்தொழிலாளரும் மளிகைக்கடையில் 'பற்று' வைத்தனர். கடைக்காரரிடம் ஒரு பேரேடும் வாங்குபவரிடம் ஒரு சிறு குறிப்பேடும் இருக்கும். இரண்டிலும் எழுதப்பட்டவை ஒத்திருத்தல் வேண்டும். 'பற்று வரவு' என்னும் இக்கணக்கு மரபிலிருந்தே இன்று 'பற்று அட்டை' என்னும் தமிழாக்கம் வழங்குகிறது. எனினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. கடைப்பற்று என்பது கடன். பற்று அட்டையோ வங்கியில் உள்ள நம் சொந்தப் பணத்தையே கழிக்கிறது. பழைய கடைப்பற்றின் உண்மையான வழித்தோன்றல் கடன் அட்டையே ஆகும்.

1950இல் நியூயார்க்கில் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டை உணவகக் கட்டணத்திற்கென உருவானது. இந்திய வங்கிகளுள் சென்ட்ரல் வங்கி 1980இல் கடன் அட்டையை வெளியிட்டது. கடைப்பற்றில் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த உறவு கடன் அட்டையில் மூவருக்கு இடைப்பட்ட உறவாகிறது. கடைக்காரருக்கு வங்கி பணம் கொடுத்துவிடுகிறது. வாங்குபவர் வங்கிக்குக் கடன்படுகிறார். கடைக்காரர் வாங்குபவரின் முகமறிந்து பற்று வைத்தார். வீட்டில் நோய் என்றால் ஒரு மாதம் பொறுத்தார். மறுபுறம், அவ்வுறவில் சாதியும் செல்வாக்கும் குறுக்கிட்டன; முகமறியாதவருக்குப் பற்று கிடைக்கவில்லை. வங்கிக்கு முகம் தேவையில்லை, தவணை தேவை. குறித்த நாளுக்குள் முழுத்தொகையும் செலுத்தியவருக்கு வட்டி இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துவோருக்குப் பல வங்கிகள் மாதத்திற்கு 3 விழுக்காட்டிற்கும் மேல் வட்டி விதிக்கின்றன. மாதம் 3½ விழுக்காடு என்பது கூட்டாமல் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 42 விழுக்காடாகும். அன்றாடச் செலவைக் கடன் அட்டையில் நடத்தி நிலுவையைத் தள்ளிப்போடுபவர் உண்டு முடித்த உணவுக்கு ஆண்டு முழுதும் வட்டி கட்டுகிறார் என்பது மிகையன்று.

வங்கி வீழ்ந்த நினைவு

அட்டை என்பது வங்கியின்மீது வைக்கும் நம்பிக்கையின் அடையாளம். அந்நம்பிக்கை எளிதில் தோன்றியதன்று. கேரள மண்ணில் அது இருமுறை பெரிதும் சிதைந்தது. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலான் வங்கியும் 1937இல் இணைந்து பெருவங்கியாயின. அவ்வங்கி 1938 ஜூனில் வீழ்ந்தது. திவான் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சிக்கால அரசியல் பூசல்கள் இவ்வீழ்ச்சியோடு பிணைத்துப் பேசப்படுவது வரலாற்று மாணவர் அறிந்ததே. தம்பானூரிலிருந்து அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கிய அதே ஆண்டில் இவ்வீழ்ச்சி நிகழ்ந்தது. 

இரண்டாவது, 1960இல் நிகழ்ந்த பாலாய் சென்ட்ரல் வங்கியின் வீழ்ச்சி. ரிசர்வ் வங்கியின் வேண்டுகோளின்படி கேரள உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் அதனை மூடும் நடவடிக்கையை மேற்கொண்டது. இதன் விளைவு இந்தியா முழுமைக்கும் பயன்பட்டது. வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி 1 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1500 ரூபாய் வரை காப்பு இருந்தது. 2020 பிப்ரவரி முதல் அது 5 லட்சம் ரூபாயாக உள்ளது. இன்று ஒருவர் தம்பானூர்க் கடையொன்றில் அச்சமின்றி அட்டையை நீட்டுவதற்குப் பின்னால், அன்று சேமிப்பை இழந்து நின்றவர்களின் துயரம் உள்ளது என்பதை மறத்தல் கூடாது.

1945இல் திருவிதாங்கூர் வங்கி என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, 1960இல் ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகிய ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1ஆம் நாள் தாய்வங்கியோடு இணைந்தது. திருவிதாங்கூர் என்னும் பெயர் நாணயத்திலிருந்து 1949இல் நீங்கியது. வங்கியிலிருந்து 2017இல் நீங்கியது.

செலவை ஏற்பவர் யார்?

அட்டையால் பணம் பெறும் கடைக்காரர் அத்தொகையில் ஒரு பகுதியை வங்கிக்குக் கட்டணமாக இழக்கிறார். வாங்குபவர் கண்ணுக்கு இது புலப்படுவதில்லை. 2012இல் ரிசர்வ் வங்கி பற்று அட்டைக்கான இக்கட்டணத்திற்கு 2000 ரூபாய் வரை 0.75 விழுக்காடு, அதற்கு மேல் 1 விழுக்காடு என உச்சவரம்பு விதித்தது. 2018 ஜனவரி முதல், ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு வணிகருக்கு அட்டைப் பொறி வழியான கட்டணம் 0.40 விழுக்காட்டிற்கு மிகாதவாறு வரையறுக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல் ரூபே பற்று அட்டைக்கும் யு.பி.ஐ. முறைக்கும் இக்கட்டணம் நீக்கப்பட்டது. கடன் அட்டைக்கு இத்தகைய வரம்பு விதிக்கப்படவில்லை. திருவிதாங்கூரில் இரு ரூபாய்களுக்கிடையே நூற்றுக்கு 1¾ வேறுபாடு இருந்ததை இவ்விடத்தில் நினைவுகூரலாம். பண வடிவம் மாறும் வாயிலில் ஒரு சிறு பங்கு கழிவது அன்றும் இன்றும் உள்ளது.

கைப்பணத்திற்குச் செலவே இல்லை எனக் கூறுவதும் பொருந்தாது. ஏ.டி.எம். எனப்படும் தானியங்கிப் பொறியில் மாதந்தோறும் அனுமதிக்கப்பட்ட இலவச முறைகளைக் கடந்தால், 2025 மே முதல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை கட்டணம் பெற வங்கிகளுக்கு இசைவு உண்டு. இலவச முறைகள் தீர்ந்தபின் 200 ரூபாய் எடுப்பவர் 23 ரூபாய் இழந்தால் அது 11½ விழுக்காடாகும். சிறு தொகையைப் பலமுறை எடுப்பவர் பெரும்பாலும் கணக்கில் சிறு தொகையே உள்ளவர். எனவே இக்கட்டணமும் எளியோர் மீதே மிகுதியாக விழுகிறது.

2016ஆம் ஆண்டு

2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் இவை ஏறத்தாழ 86 விழுக்காடு. இந்தியாவில் 1946, 1978 ஆகிய ஆண்டுகளிலும் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. ஆயின் அவை சாதாரண மக்களின் கைக்கு எட்டாத நோட்டுகள். 2016இல் பாதிக்கப்பட்டவை அன்றாடக் கூலியாகப் பெற்ற நோட்டுகள்.

கேரளத்தில் இச்சிக்கல் கூட்டுறவு வங்கிகளின் வழியே கூர்மையடைந்தது. மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை ஏற்பதற்கு நவம்பர் 14ஆம் நாள் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. இதனை எதிர்த்து முதலமைச்சர் பினராயி விஜயனும் அமைச்சர்களும் நவம்பர் 18ஆம் நாள் திருவனந்தபுரம் ரிசர்வ் வங்கி அலுவலகத்தின் முன் அறப்போராட்டத்தில் அமர்ந்தனர்.

அட்டை வைத்திருந்தோர் அந்நாட்களைப் பெரிய இடரின்றிக் கடந்தனர். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டத்தின் வழி எளியோர் பலரும் ரூபே அட்டை பெற்றிருந்தனர் எனினும், அவர்கள் பொருள் வாங்கிய நடைபாதைக் கடைகளில் அட்டைப் பொறி இல்லை. அட்டை இருந்தும் அதனைப் பயன்படுத்த இடமில்லாத நிலை ஏற்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் இவ்விடைவெளியை அட்டை நிரப்பவில்லை. 2016இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையே நிரப்பியது. பொறி வாங்க வேண்டாம். ஒரு கட்டத்தாள் போதும் என்பதால் இளநீர்க் கடை வரை அது சென்று சேர்ந்தது. எனினும் கைப்பணம் குறையவில்லை. 2016 நவம்பர்த் தொடக்கத்தில் ஏறத்தாழ 17.7 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் 2022 மார்ச்சில் 31 லட்சம் கோடியைக் கடந்தது. மக்கள் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டனர் என்பதை இது காட்டுகிறது.

களவும் காப்பும்

கைப்பணம் களவு போனால் போனதுதான். தொடர்வண்டி நிலையக் கூட்டத்தில் பணப்பையை இழந்தவர் அதனை நன்கறிவார். அட்டையின் களவு வேறு வகையானது. 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் உள்ள ஏ.டி.எம். ஒன்றில் வெளிநாட்டினர் சிலர் நுண்கருவி பொருத்தி அட்டை விவரங்களைக் கவர்ந்தனர். பணம் எடுக்கப்பட்டது மும்பையில். அட்டை தம் பையிலேயே இருக்கப் பணம் மட்டும் நீங்கியது கண்டு மக்கள் திகைத்தனர்.

இத்தகைய இழப்புக்குப் பின்னர் விதிகள் வலுப்பெற்றன. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வங்கியின்மீதோ வாடிக்கையாளர்மீதோ பிழையின்றி மூன்றாமவரால் நேர்ந்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் பெற்ற மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. காலந்தாழ்த்தினால் பொறுப்பு கூடும். கடவெண்ணைத் தாமே பிறரிடம் கூறியவருக்கு இக்காப்பு இல்லை. காந்தப்பட்டை அட்டைகளுக்கு மாற்றாகச் சில்லு பதித்த அட்டைகள் 2018ஆம் ஆண்டு முடிவுக்குள் வழங்கப்பட வேண்டுமெனவும் பணிக்கப்பட்டது.

இங்குக் கட்டுரையாளரின் பட்டறிவு ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். தம்பானூர்க் கடையொன்றில் நாகர்கோவில் பேருந்துக்குப் புறப்படும் அவசரத்தில் அட்டையைக் கொடுத்தபொழுது கணக்கில் பணம் கழிந்த செய்தி வந்தது. கடைப்பொறியோ செலுத்துகை நிறைவேறவில்லை என்றது. கையில் போதிய பணம் இல்லை. 'ஊருக்குப் போய்விட்டு வந்து கொடுங்கள் சார்' என்று கடைக்காரர் பொருளைக் கொடுத்தனுப்பினார். கழிந்த பணம் நான்காம் நாள் கணக்கில் திரும்பியது. இவ்வாறு தவறிய கடைச் செலுத்துகையை ஐந்து நாட்களுக்குள் திருப்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என 2019 முதல் விதி உள்ளது. விதி பின்னர்த்தான் துணைக்கு வந்தது. அந்த மாலையில் உதவியது முன்பின் அறியாத ஒருவரின் நாணயமே. மறுவாரம் அக்கடைக்குச் சென்று தொகையைக் கொடுத்தபொழுது அவர் எங்கும் அதனைக் குறித்து வைத்திருக்கவில்லை என்பது தெரிந்தது.

கணக்கு யாருடைய கையில்?

கைப்பணம் சுவடு விடுவதில்லை. செலவிட்டவர் எழுதி வைத்தாலன்றிக் கணக்கு இல்லை. அட்டையோ ஒவ்வொரு செலவையும் நாளும் இடமும் குறித்துப் பதிகிறது. தம் செலவை அறிய விரும்புவோருக்கு இது பயன் தரும். அதே பதிவு வங்கிக்கும் பிறருக்கும் கிடைக்கிறது. பழைய பற்றுக் குறிப்பேட்டில் கணக்கு இருவர் கையிலும் ஒருபடித்தாக இருந்தது. அட்டைக் கணக்கில் மூல ஏடு வங்கியிடம். நமக்குக் கிடைப்பது படி மட்டுமே. ஒருவர் எந்த மருந்தகத்தில் எத்துணை முறை மருந்து வாங்கினார் என்பதைச் சாலைக் கடைத்தெருவின் மளிகைக்காரர் அறிந்திருக்க வழியில்லை. இன்றைய பதிவேடு அறியும்.

கைப்பணம் எண்ணிக் கொடுக்கப்படுவதால் செலவிடும் உணர்வும் உடன் நிகழ்கிறது. பணப்பை மெலிவது கண்ணுக்குத் தெரிகிறது. அட்டையில் இவ்வுணர்வு மங்குகிறது. 5000 ரூபாய் வரை கடவெண் இன்றித் தொட்டுச் செலுத்தும் வசதி 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளதால், எண்ணை அழுத்தும் அந்தச் சிறு தயக்கமும் நீங்கிவிட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. பண வடிவத்தைத் தேர்ந்துகொள்ளும் சிக்கல் அட்டையோடு தோன்றியதன்று. திருவிதாங்கூரின் இரு நாணய முறையிலும், 1957இன் பதின்ம மாற்றத்திலும் அது இருந்தது.

2. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சிறு செலவு உண்டு. அச்செலவு கணக்கறியாதவர், சிறு தொகையைக் கையாள்பவர் ஆகியோர்மீதே மிகுதியும் விழுந்துள்ளது.

3. அட்டையின்மீதுள்ள நம்பிக்கை 1938, 1960ஆம் ஆண்டுகளின் வங்கி வீழ்ச்சிகளிலிருந்து கற்ற பாடத்தாலும் பின்வந்த காப்பு விதிகளாலும் உருவானது.

4. பெருந்தொகை, தொலைவிலிருந்து செய்யும் முன்பதிவு, பின்னர் முறையிட வேண்டி நேரக்கூடிய வாங்கல் ஆகியவற்றுக்கு அட்டையும், சிறுசெலவு, பேருந்துப் பயணம், நடைபாதை வணிகம் ஆகியவற்றுக்குக் கைப்பணமும் பொருந்துகின்றன. கடன் அட்டை, நிலுவையை மாதந்தோறும் முழுதும் தீர்ப்பவருக்கே நன்மை தரும்.

இத்தேர்வு செலவிடுபவரின் வசதியோடு முடிவதன்று. தோவாளைப் பூவை விடியலில் வாங்கி வந்து தம்பானூரில் முழம் போட்டு விற்கும் பெண்ணுக்கு அன்றைய கைப்பணமே மறுநாள் முதல். சுமை தூக்குபவருக்கு அன்றைய கூலியே அன்றைய அரிசி. ரிசர்வ் வங்கிச் சட்டப்படி நோட்டு நாடெங்கும் செல்லும். அதனை ஏற்க மறுக்கும் கடைகளும் அலுவலகங்களும் பெருகுமாயின், இத்தகையோர் தம் உழைப்பின் பயனைக் கையில் வைத்துக்கொண்டே வாயிலில் நிற்க நேரிடும். அட்டையை ஏற்பது வளர்ச்சி. கைப்பணத்தையும் தொடர்ந்து ஏற்பது நீதி. வடிவம் எதுவாயினும், கொடுப்பவரும் பெறுபவரும் நாணயம் காப்பதே நாணயத்தின் பயன் எனலாம்.